சைக்காலஜி பிஜி நுழைவுத் தேர்வு: சொற்களை ஜோடியாகப் படியுங்கள்

க்யூட் பிஜி (மத்தியப் பல்கலைக்கழகங்கள் முதலியவற்றின் முதுநிலைப் படிப்புகளுக்கான பொது நுழைவுத் தேர்வு) சைக்காலஜி தாளை எழுதப்போகிற பிள்ளைகள் வருடா வருடம் ஒரே கோரிக்கையோடுதான் வருகிறார்கள். "அக்கா, முக்கியமான டெர்ம்ஸ் லிஸ்ட் இருந்தா அனுப்புங்க." அகர வரிசைப் பட்டியல்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. என் சித்தி மகள் அப்படி ஒன்றை பிரிண்ட் போட்டு, ஸ்பைரல் பைண்டிங் செய்து, மூன்று நிற ஹைலைட்டரால் தீட்டி வைத்திருக்கிறாள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் (நடத்தையைக் கூட்டுவது) ஒரு மூலையில், பனிஷ்மென்ட் (குறைப்பது) வேறொரு மூலையில். தேர்விலோ இரண்டும் ஒரே கேள்விக்குக் கீழே அடுத்தடுத்த விடைகளாக உட்கார்ந்திருக்கும்.

நான் திருச்சியில் ஒரு பள்ளியில் கவுன்சிலர். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் எங்கள் வீட்டு மாடியில் நான்கைந்து பேருக்கு இந்தத் தேர்வுக்குச் சொல்லித் தருகிறேன். திருவாரூர் மத்தியப் பல்கலை, புதுச்சேரி, டெல்லி என்று ஆளுக்கொரு கனவு. எல்லோருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: எந்தச் சொல்லையும் தனியாகப் படிக்காதீர்கள். எதோடு குழம்புமோ, அதையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். கேள்வி எடுப்பவர் விளையாடுவது அந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிற எல்லைக்கோட்டில்தான்.

மதிப்பெண் கணக்கைப் பார்த்தாலே இது புரிந்துவிடும். சமீப வருடங்களின் தாளில் 75 கேள்விகள். சரியான விடைக்கு 4, தவறுக்கு மைனஸ் 1. (உங்கள் வருடத்து அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள், மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.) நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால் சராசரியாகக் கிடைப்பது கால் மதிப்பெண். இரண்டைக் கழித்துவிட்டு மிச்ச இரண்டில் ஒன்றைத் தொட்டால் ஒன்றரை. அந்த மிச்ச இரண்டுக்கு நடுவே வித்தியாசம் தெரிந்தவருக்கு முழு நான்கு. முதல் இரண்டைக் கழிப்பதற்கு டிகிரியில் படித்ததே போதும். கடைசி இரண்டைப் பிரிப்பதற்குத்தான் இந்தப் படிப்பெல்லாம்.

முதலில் எல்லோரும் வழுக்கும் இடம்: நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட். 'நெகட்டிவ்' என்றதும் தண்டனை என்று மனசு ஓடிவிடுகிறது. நடத்தையை ஆராய்ந்த சைக்காலஜிஸ்ட் ஸ்கின்னரின் கணக்கில் கேட்க வேண்டியவை இரண்டே கேள்விகள். நடத்தை கூடியதா, குறைந்ததா? கூடினால் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட், குறைந்தால் பனிஷ்மென்ட். ஏதாவது கொடுக்கப்பட்டதா, எடுக்கப்பட்டதா? கொடுத்தால் பாசிட்டிவ், எடுத்தால் நெகட்டிவ். நல்லது கெட்டது என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை. ஹெல்மெட் போடாததற்கு அபராதம் கட்டிய ஒருவர் அதன்பின் வெறும் தலையோடு வண்டி ஓட்டுவதை விட்டால், பணம் எடுக்கப்பட்டது, நடத்தை குறைந்தது, ஆக நெகட்டிவ் பனிஷ்மென்ட். காரில் சீட் பெல்ட் போடும் வரை கூவிக்கொண்டிருக்கிற பீப் சத்தம் போட்டவுடன் நின்று, அதனால் பெல்ட் போடுகிற பழக்கம் கூடினால் அது நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்.

வகுப்பில் நான் வழக்கமாகக் கொடுப்பது இதைவிடக் கொஞ்சம் சிக்கலானது. கல்யாண மண்டபத்தில் குழந்தை வீறிட்டு அழுகிறது. அம்மா செல்போனைக் கையில் கொடுக்கிறாள். அழுகை நிற்கிறது. அடுத்த கல்யாணத்தில் குழந்தை இன்னும் சீக்கிரம் அழுகிறது, அம்மா இன்னும் சீக்கிரம் போனை எடுக்கிறாள். இதில் யாருக்கு என்ன நடந்தது? குழந்தையின் அழுகைக்கு போன் கிடைத்தது, அது பாசிட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட். அம்மா போன் கொடுத்ததற்கு அழுகை விலகியது, அது நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட். ஒரே சம்பவம், ஆள் மாறினால் பெயர் மாறும். கேள்வி யாருடைய நடத்தையைப் பற்றிக் கேட்கிறது என்று அடிக்கோடிடச் சொல்வது இதனால்தான்.

ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் ஷெட்யூல்கள் (பலன் எப்போது கிடைக்கும் என்ற விதிகள்) நான்கையும் நம்மூர் வேலைகளை வைத்தே படித்துவிடலாம். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு கூலி என்பது ஃபிக்ஸட் ரேஷியோ. ஆன்லைன் ரம்மி வேரியபிள் ரேஷியோ. எத்தனையாவது ஆட்டத்தில் ஜெயிப்போம் என்று தெரியாததால் விடவே முடிவதில்லை, எக்ஸ்டிங்ஷனுக்கு (பலன் நின்றபின் நடத்தை மறைவதற்கு) மிகவும் முரண்டு பிடிப்பது இந்த வகைதான். முன்கூட்டியே தேதி சொன்ன மாதத் தேர்வு ஃபிக்ஸட் இன்டர்வல், தேதி நெருங்க நெருங்கத்தான் புத்தகம் திறக்கும். சொல்லாமல் வைக்கும் டெஸ்ட் வேரியபிள் இன்டர்வல். எண்ணிக்கையா (ரேஷியோ) நேரமா (இன்டர்வல்) என்பது ஒரு கேள்வி, நிலையானதா மாறுவதா என்பது இன்னொன்று. அவ்வளவுதான். இதோடு கார்சியா, கோலிங் இருவரும் 1966-ல் எலிகளை வைத்துக் காட்டியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுவையையும் குமட்டலையும் எலி சட்டென்று இணைத்துக்கொள்ளும். சுவையையும் மின் அதிர்ச்சியையும் அப்படி இணைக்காது. எதை எதோடு வேண்டுமானாலும் கண்டிஷன் செய்துவிடலாம் என்ற நம்பிக்கையை உடைத்த ஆய்வு. ப்ரிபேர்ட்னெஸ் (சிலவற்றை இணைத்துக்கொள்ள உயிரினம் இயல்பிலேயே தயாராக இருப்பது) என்ற சொல் வந்தால் பின்னால் இந்த எலிகள் நிற்கும்.

அடுத்து மெமரி. இங்கே ஜோடிகள் கொத்துக் கொத்தாக வரும். ப்ரோஆக்டிவ், ரெட்ரோஆக்டிவ் இன்டர்ஃபியரன்ஸ் (ஒரு நினைவு இன்னொன்றைக் குழப்புவது) இரண்டிலும் நான் கேட்கச் சொல்வது, "குற்றவாளி யார்?" யுபிஐ பின்னை மாற்றிய பிறகும் விரல் பழையதையே அழுத்துகிறது என்றால் குற்றவாளி பழைய நினைவு, அது ப்ரோஆக்டிவ். பழைய பின் என்னவென்று கேட்டால் புதியதுதான் வாயில் வருகிறது என்றால் குற்றவாளி புதிய நினைவு, அது ரெட்ரோஆக்டிவ்.

அம்னீஷியாவிலும் (நினைவிழப்பிலும்) இதே வகைக் குழப்பம் வரும். அதற்கு எச்.எம். கதையை ஒருமுறை ஒழுங்காகப் படித்தால் போதும். ஹென்றி மோலைசன் என்ற அமெரிக்கர். வலிப்பு நோய்க்காக 1953-ல், 27 வயதில், மூளையின் இரு பக்கத்திலும் ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதி உட்பட டெம்போரல் லோபின் உள்பகுதியை அறுவை சிகிச்சையில் எடுத்துவிட்டார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அதன்பின் நடந்த எதையும் நினைவில் பிடித்து வைக்க அவரால் முடியவில்லை. புதிய நினைவு உருவாகாததால் ஆன்டிரோகிரேட் அம்னீஷியா. அறுவைக்கு முந்தைய சில வருடங்களின் நினைவும் மங்கியது, அந்தப் பகுதி ரெட்ரோகிரேட். அப்புறம் அவரை ஆராய்ந்த பிரெண்டா மில்னர் அவருக்கு ஒரு வேலை கொடுத்தார்: கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஒரு நட்சத்திரத்தின் ஓரத்தை வரைவது. நாளுக்கு நாள் கை தேறியது. ஆனால் ஒவ்வொரு நாளும் அவருக்கு அது முதல் நாள்தான், முன்பு செய்ததாக நினைவே இல்லை. புதிய டிக்ளரேட்டிவ் மெமரி (வாயால் சொல்லக்கூடிய நினைவு) உருவாகவில்லை, ப்ரோசிஜுரல் மெமரி (கை பழகும் செய்முறை நினைவு) இருந்தது. ஹிப்போகாம்பஸ் எதற்குத் தேவை, எதற்குத் தேவையில்லை என்பதும் இதிலேயே வந்துவிட்டது. ஒரே மனிதரை வைத்து நான்கைந்து கேள்விக்கு விடை சொல்லிவிடலாம். 2008-ல் அவர் இறக்கும்வரை முழுப் பெயர் வெளியே சொல்லப்படவில்லை, அதனால்தான் பழைய புத்தகங்களில் வெறும் எச்.எம்.

நினைவு ஆய்வாளர் டல்விங் 1972-ல் பிரித்த எபிசோடிக், செமான்டிக் மெமரியையும் இங்கேயே முடித்துவிடுங்கள். போன தீபாவளிக்கு யார் யார் வீட்டுக்கு வந்தார்கள் என்பது எபிசோடிக்; தீபாவளி ஐப்பசியில் வரும் என்பது செமான்டிக்.

இப்போது பிள்ளைகள் ஓடி ஒளியும் இடம், ரிசர்ச் மெத்தட்ஸும் ஸ்டாடிஸ்டிக்ஸும். உண்மையில் இதுதான் சுலபமாக மதிப்பெண் வாங்கும் இடம், ஏனென்றால் இங்கே கருத்து வேறுபாட்டுக்கே வழியில்லை. எடை பார்க்கும் மெஷின் ஒவ்வொரு முறையும் இரண்டு கிலோ கூடுதலாகவே காட்டினால் அதற்கு ரிலையபிலிட்டி (மாறாமல் ஒரே மாதிரி காட்டுவது) உண்டு, வேலிடிட்டி (அளக்க வேண்டியதைச் சரியாக அளப்பது) இல்லை. இது எல்லோருக்கும் தெரியும். கேள்வி அதற்கு உள்ளே போகும். க்ரான்பேக் ஆல்ஃபா எதை அளக்கிறது? ஒரு டெஸ்டின் கேள்விகளுக்குள் இருக்கும் உள் ஒத்திசைவை, அதாவது இன்டர்னல் கன்சிஸ்டன்சியை. கோஹன் கப்பா? மதிப்பிடும் இருவருக்கு நடுவே உள்ள உடன்பாட்டை. நீங்கள் எழுதப்போகும் இந்த க்யூட் மதிப்பெண்ணே பிறகு எம்எஸ்சியில் வாங்கும் மதிப்பெண்ணோடு நன்றாக ஒத்துப்போனால், இந்தத் தேர்வுக்கு ப்ரெடிக்டிவ் வேலிடிட்டி இருக்கிறது என்போம். (இருக்கிறதா என்று என்னைக் கேட்காதீர்கள்.)

டைப் 1, டைப் 2 பிழைகளுக்கு நான் தரும் உதாரணம் என் தொழிலிலிருந்தே. ஒரு புதிய கவுன்சலிங் முறையில் உண்மையில் எந்தப் பலனும் இல்லை, ஆனால் ஆய்வு "பலன் உண்டு" என்று முடிவு கட்டுகிறது. டைப் 1. உண்மையில் பலன் இருக்கிறது, ஆய்வு அதைக் கண்டுபிடிக்கத் தவறுகிறது. டைப் 2. முதல் பிழைக்கு நாம் அனுமதிக்கும் அளவு ஆல்ஃபா, வழக்கமாக 0.05. இரண்டாவது பிழைக்கான வாய்ப்பு பீட்டா. ஒன்றிலிருந்து பீட்டாவைக் கழித்தால் கிடைப்பது பவர், அதாவது உண்மையில் இருக்கும் பலனைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு. வேறு எதையும் மாற்றாமல் ஆல்ஃபாவை இறுக்கினால் பீட்டா கூடும், பவர் குறையும். ஆட்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் பவர் கூடும். "கூற்று 1, கூற்று 2, எது சரி" என்ற வகையில் கேட்பதற்கு இதைவிட வசதியான இடம் இல்லை.

இன்னொரு சின்ன சங்கிலி. இசட் ஸ்கோரில் (சராசரியிலிருந்து எத்தனை எஸ்டி, அதாவது திட்ட விலக்கம், தள்ளி என்ற எண்) பிளஸ் 1 என்பது டி ஸ்கோரில் (சராசரி 50, எஸ்டி 10) 60, சராசரி 100-ம் எஸ்டி 15-ம் உள்ள ஐக்யூவில் 115, நார்மல் கர்வில் ஏறக்குறைய 84-வது பெர்சன்டைல். நான்கும் ஒரே இடத்தைத்தான் சுட்டுகின்றன. இதை ஒரு வரைபடமாக நீங்களே உங்கள் கையால் வரையுங்கள், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைப்பதில் பிரயோஜனமில்லை.

சோஷியல் சைக்காலஜிக்கு வந்தால், கன்ஃபார்மிட்டி, கம்ப்ளையன்ஸ், ஒபீடியன்ஸ் மூன்றையும் ஒரே தாளில் எழுதுங்கள். சுற்றியிருப்பவர்கள் சொல்வதற்காக மாறுவது கன்ஃபார்மிட்டி. அதற்கு, எந்தக் கோடுகள் சம நீளம் என்று கேட்ட ஆஷின் ஆய்வு. யாரும் கட்டளையிடவில்லை, கூட இருந்தவர்கள் வேண்டுமென்றே தவறான கோட்டைச் சொன்னார்கள், அவ்வளவே. அதிகாரத்தில் இருப்பவர் ஆணையிட்டுச் செய்வது ஒபீடியன்ஸ். அதற்கு மில்க்ரம், 1963-ல் வெளியான ஆய்வில் 40 பேரில் 26 பேர் ஆணைக்கிணங்கி இன்னொருவருக்கு 450 வோல்ட் ஷாக் கொடுப்பது வரை போனார்கள் (ஷாக் போலியானது, அது அவர்களுக்குத் தெரியாது). யாரோ கேட்டுக்கொண்டதற்காகச் செய்வது கம்ப்ளையன்ஸ். அதன் உள்ளே இன்னும் மூன்று உண்டு. முதலில் சின்னதாகக் கேட்டு, பிறகு பெரிதாகக் கேட்பது ஃபுட் இன் த டோர். முதலில் ஐயாயிரம் நன்கொடை கேட்டு, நாம் பதறியதும் "சரி, ஐந்நூறாவது கொடுங்க" என்பது டோர் இன் த ஃபேஸ். ஜங்ஷனில் நூறு ரூபாய் என்று ஒப்புக்கொண்டு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகு, "லக்கேஜுக்குத் தனியா முப்பது, மேடம்" என்பது லோ பால். மூன்றாவதை மட்டும் திருச்சிக்காரர்களுக்கு விளக்கவே வேண்டியதில்லை.

அட்ரிபியூஷனில் (ஒரு செயலுக்குக் காரணம் சொல்வதில்) நம் ஊர்ப்பக்கத்து ஆய்வு ஒன்று உண்டு. மற்றவர் செய்த தவறுக்கு அவர் குணத்தைக் காரணம் சொல்லி, சூழ்நிலையை மறந்துவிடுவது ஃபண்டமென்டல் அட்ரிபியூஷன் எரர். மற்றவர் செய்தால் குணம், நானே செய்தால் சூழ்நிலை என்பது ஆக்டர் அப்சர்வர் பயாஸ். ஜெயித்தால் என் திறமை, தோற்றால் வினாத்தாள் மோசம் என்பது செல்ஃப் சர்விங் பயாஸ். முதலாவதை எல்லா மனிதருக்கும் பொது என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, ஜோன் மில்லர் அமெரிக்கர்களையும் மைசூரில் வாழ்ந்த இந்துக்களையும் ஒப்பிட்டு 1984-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார். அமெரிக்கப் பெரியவர்கள் குணத்தைக் காரணம் காட்டினார்கள். மைசூர்ப் பெரியவர்கள் சூழ்நிலையையும் உறவுமுறைக் கடமையையும் அதிகம் காட்டினார்கள். சின்னக் குழந்தைகளிடம் இந்த வித்தியாசம் பெரிதாக இல்லை, வயது ஏற ஏறத்தான் விலகியது. பிழை என்று பெயர் வைத்ததே ஒரு கலாச்சாரத்தின் பார்வையிலிருந்துதான் என்று எனக்குத் தோன்றும். தேர்வில் அதையெல்லாம் எழுத இடமில்லை, வட்டத்தை மட்டும் சரியாக க்ளிக் செய்தால் போதும்.

டெவலப்மென்டலை வேகமாகக் கடக்கலாம். ஆட்டைப் பார்த்துக் குழந்தை "நாய்" என்றால் அசிமிலேஷன். இது வேறு என்று புரிந்து மனதில் புதிய இடம் ஒதுக்கினால் அக்காமடேஷன். பியாஜேயின் நான்கு நிலைகளும் வயதும், எரிக்சனின் எட்டு நிலைகளும் மனப்பாடம்தான், வேறு வழியில்லை. பயாலஜிக்கலில் மூளையின் மொழிப் பகுதிகளான ப்ரோகா, வெர்னிக்கே ஜோடியைத் தவற விடாதீர்கள். ப்ரோகா பகுதி பாதித்தவருக்குப் புரிதல் ஓரளவு இருக்கும், பேச்சு தட்டுத் தடுமாறும். வெர்னிக்கே பாதித்தவருக்குப் பேச்சு சரளமாக வரும், அர்த்தம் இருக்காது. அகோனிஸ்ட் (மூளை வேதிப்பொருளின் வேலையைத் தூண்டும் மருந்து), ஆன்டகோனிஸ்ட் (அதைத் தடுப்பது) இன்னொரு ஜோடி. ஃபேன்டம் லிம்ப் (இழந்த கை கால் இன்னும் இருப்பதுபோல் உணர்வது), அதற்கான மிரர் பாக்ஸ் சிகிச்சை என்று வந்தால் வி.எஸ். ராமச்சந்திரன், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர் என்பதால் என் வகுப்பில் அந்தக் கேள்வியை யாரும் தவற விடுவதில்லை. வரலாற்றில் வூண்ட் லைப்சிக்கில் 1879-ல் சைக்காலஜி ஆய்வகம் தொடங்கியது எல்லோருக்கும் தெரியும். 1916-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் என்.என். சென்குப்தா தலைமையில் சைக்காலஜி துறை, 1922-ல் கிரீந்திரசேகர் போஸ் தொடங்கிய இந்திய சைக்கோஅனலிடிகல் சொசைட்டி, இந்த இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொருத்துக வகையில் வரக்கூடியவை.

க்ளினிக்கலில் ஒரு எச்சரிக்கை. சீனியரிடம் வாங்கிய புத்தகமோ பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்கு வாங்கியதோ என்றால், முதலில் அது டிஎஸ்எம் 5-க்கு (அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய் வகைப்பாட்டுக் கையேடு, ஐந்தாம் பதிப்பு) முந்தையதா பிந்தையதா என்று பாருங்கள். 2013-ல் டிஎஸ்எம் 5 வந்தபோது பல வீடுகள் இடம் மாறின. ஆஸ்பெர்கர் தனிப் பெயராக இல்லை, ஆட்டிசம் ஸ்பெக்ட்ரமுக்குள் போய்விட்டது. ஓசிடி (விடாமல் துரத்தும் எண்ணங்களும் செய்கைகளும்), பிடிஎஸ்டி (பெரும் அதிர்ச்சிக்குப் பின் வரும் பாதிப்பு) இரண்டும் ஆங்சைட்டி டிஸார்டர் அத்தியாயத்தை விட்டு வெளியேறித் தனித்தனி அத்தியாயத்துக்குப் போயின. நோயாளியை ஐந்து கோணங்களில் மதிப்பிடும் ஐந்து ஆக்ஸிஸ் முறையே கைவிடப்பட்டது. 2022-ல் அதன் திருத்தப் பதிப்பும் வந்துவிட்டது. பழைய பதிப்பை நெட்டுருப் போட்டவருக்கு உழைப்பும் போய், மைனஸ் 1-ம் வரும்.

இங்கே ஜோடிகளைப் பிரிப்பது பெரும்பாலும் காலண்டர். ஒரே மாதிரியான சைக்கோடிக் அறிகுறிகள் (இல்லாத குரல் கேட்பது போல நிஜத்தோடு தொடர்பு அறுவது) ஒரு மாதத்துக்குள் அடங்கிவிட்டால் ப்ரீஃப் சைக்கோடிக் டிஸார்டர், ஒன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் என்றால் ஸ்கிசோஃப்ரெனிஃபார்ம், ஆறு மாதமோ அதற்கு மேலோ என்றால் ஸ்கிசோஃப்ரெனியா. மேனியாவுக்கு (அளவுமீறிய உற்சாக நிலை) குறைந்தது ஒரு வாரம், அதன் லேசான வடிவமான ஹைப்போமேனியாவுக்கு நான்கு நாள். அதிர்ச்சிக்குப் பின் மூன்று நாளிலிருந்து ஒரு மாதம் வரை அக்யூட் ஸ்ட்ரெஸ் டிஸார்டர், ஒரு மாதம் தாண்டினால் பிடிஎஸ்டி. கேள்வியில் காலம் கொடுத்திருந்தால் அது அலங்காரத்துக்கு இல்லை.

காலண்டர் உதவாத இடத்தில் ஆசையைக் கேளுங்கள். ஸ்கிசாய்ட் ஆளுமைக்காரருக்கு உறவே வேண்டாம். அவாய்டன்ட் ஆளுமைக்காரருக்கு வேண்டும், ஆனால் ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயம். ஸ்கிசோடைப்பல் என்றால் விசித்திரமான நம்பிக்கைகள், வினோதமான பேச்சு கூடவே வரும். ஓசிடி உள்ளவருக்குத் தன் எண்ணம் தனக்கே தொல்லை. ஓசிபிடி (ஒழுங்கையே பிடித்துத் தொங்கும் ஆளுமைக் கோளாறு) உள்ளவருக்குத் தான் செய்வதுதான் சரி, மற்றவர்களுக்குத்தான் ஒழுங்கு தெரியவில்லை.

நோட்டு எப்படிப் போடுவது என்று கேட்பவர்களுக்கு: இடது பக்கம் ஒரு சொல், வலது பக்கம் அதன் குழப்ப ஜோடி, நடுவில் இரண்டையும் பிரிக்கிற ஒரே ஒரு கேள்வி. அப்புறம் நோட்டை மூடிவிட்டு, அந்த நடுக் கேள்வியை நீங்களே சொல்லிப் பாருங்கள். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, மூடிவிட்டு நினைவுக்குக் கொண்டுவருவது நீண்ட நாள் நிற்கும் என்று ரோடிகரும் கார்பிக்கும் 2006-ல் காட்டியிருக்கிறார்கள். டெஸ்டிங் எஃபெக்ட் என்ற பெயரில் அதுவே தேர்விலும் வரலாம்.

சரி, போகிற போக்கில் மூன்று கேள்வி. ஒன்று: தலைவலி வந்தால் ஒருவர் காபி குடிக்கிறார், வலி போகிறது, இப்போதெல்லாம் வலி எட்டிப் பார்த்தாலே காபிக்குப் போகிறார், இது என்ன? இரண்டு: அதே ஆட்கள், அதே எண்ணிக்கை, ஆல்ஃபாவை மட்டும் 0.05-லிருந்து 0.01 ஆக்கினால் பவர் என்ன ஆகும்? மூன்று: பஸ் விபத்தில் தப்பிய ஒருவருக்கு மூன்று வாரமாகக் கெட்ட கனவு, விபத்துக் காட்சி திரும்பத் திரும்ப மனதில் வருவது, பஸ் ஏறவே பயம், சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுவது, வேறு அறிகுறிகளும் பொருந்துகின்றன. என்ன டயக்னோசிஸ்?

முதலாவது நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட். இரண்டாவதில் பவர் குறையும். மூன்றாவது அக்யூட் ஸ்ட்ரெஸ் டிஸார்டர். பிடிஎஸ்டி என்று எழுதியவர்கள் 'மூன்று வாரம்' என்பதை மறுபடி படியுங்கள். அதே கேள்வியில் மூன்றை ஐந்தாக்கினால் உங்கள் விடைதான் சரி.